வீட்டில் பிட்காயின் ஃபுல் நோடு: எதைச் சரிபார்க்கும், எங்கே சறுக்கும்

பிட்காயின் பரிவர்த்தனைகளை விதிப்படி தானே சரிபார்க்கும் கணினிக்கு ஃபுல் நோடு என்று பெயர். அதில் ஓடும் மென்பொருள்களில் ஒன்று பிட்காயின் கோர். 2025 அக்டோபரில் அதன் 30-ஆம் பதிப்பு வந்தது. பரிவர்த்தனைக்குள் பொதிந்து அனுப்பும் தரவுக்கு அதுவரை 83 பைட் என்றிருந்த இயல்பு வரம்பை அது 1,00,000 பைட்டாக்கியது. கோபப்பட்ட பலர் அதே மென்பொருளின் கிளையான பிட்காயின் நாட்ஸுக்குத் தாவினார்கள். வீட்டில் நோடு ஓட்டுபவர்கள்தான் பிட்காயினின் காவலர்கள் என்று ஒரு தரப்பு பேசுகிறது. பரிவர்த்தனைகளைக் கட்டுகட்டாக (பிளாக்) சேர்த்துப் பரிசு பெறும் மைனர் வைத்ததே சட்டம், வீட்டு நோடு வெறும் பொம்மை என்கிறது மறு தரப்பு. நடுவில், "ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வாங்கி நோடு போட்டால் மாதம் எவ்வளவு வரும்?" என்று கேட்பவர்கள் தனி.

கடைசிக் கேள்விக்கு விடை எளிது: ஒரு பைசாவும் வராது. மற்ற இரண்டுக்கும் நோடு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## நாளேடும் இருப்புப் பட்டியலும்

கடைக் கணக்கில் நாளேடு ஒன்று இருக்கும். நடந்த வரவு செலவெல்லாம் தேதிவாரியாக அதில் ஏறும். இன்றைக்குக் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் இருப்புப் பட்டியல் வேறு. ஃபுல் நோடு இரண்டையும் வைத்திருக்கிறது.

நாளேடு என்பது பிளாக்செயின். 2009 ஜனவரி 3-இல் உருவான முதல் பிளாக்கிலிருந்து, சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வீதம் சேர்ந்துகொண்டே வருகிறது. 2025 இறுதியில் இதன் அளவு 700 ஜிபியைச் சுற்றி.

இருப்புப் பட்டியல் என்பது இன்னும் செலவாகாமல் கிடக்கும் காசுகளின் தொகுப்பு. யூடிஎக்ஸ்ஓ தொகுப்பு என்று சொல்வார்கள். 16 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், வட்டில் 11 ஜிபி சொச்சம். நாளேட்டோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் நோடின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த 11 ஜிபி. ஏன் என்பது வன்பொருள் பகுதியில் வரும்.

புதிய பிளாக் ஒன்று வந்ததும் நோடு பார்ப்பவற்றில் முக்கியமானவை:

1. பிளாக்கின் 80 பைட் தலைப்புக்கான ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), அப்போதைய கடின இலக்குக்குக் கீழே இருக்கிறதா? இந்த இலக்கு 2,016 பிளாக்குக்கு ஒருமுறை மாறும். அந்தக் கணக்கையும் நோடே போட்டுப் பார்க்கும்.
2. செலவு செய்வதாகச் சொல்லும் ஒவ்வொரு காசும் இருப்புப் பட்டியலில் உண்மையாகவே இருக்கிறதா?
3. கையொப்பம் சரியா?
4. வெளியே போகும் தொகை, உள்ளே வந்த தொகையை மீறுகிறதா?
5. மைனர் எடுத்துக்கொண்ட பரிசு, அனுமதித்த அளவுக்குள்தானா? 2024 ஏப்ரலில் பாதியான பிறகு அது 3.125 பிட்காயினும் கட்டணங்களும்.
6. பிளாக்கின் எடை 40 லட்சம் அலகுக்குள் இருக்கிறதா? அதன் நேரமுத்திரை, நோடின் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் போகாமல் இருக்கிறதா?

ஒன்றில் தவறினாலும் பிளாக் குப்பைக்குப் போகும். அதை எத்தனை பெரிய மைனிங் நிறுவனம் உருவாக்கியது என்று நோடு கேட்பதில்லை.

இதில் மைனிங் எங்கும் இல்லை. ஸ்டேக்கிங்கும் இல்லை, 32 ஈத்தர் பூட்டிவைத்து வருமானம் பார்ப்பது எத்தீரியத்தின் வேலிடேட்டர் ஏற்பாடு, பிட்காயினில் அப்படி ஒன்று கிடையாது. "எங்கள் நோடை வாங்குங்கள், தினமும் வருமானம்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது விற்றால், அவர் விற்பது இந்தக் கட்டுரையில் பேசும் பொருளை அல்ல. இந்த மென்பொருள் இலவசம்.

## வீட்டு நோடுக்கு அதிகாரம் உண்டா?

நான்கு சம்பவங்களைப் பார்த்தால் போதும்.

2010 ஆகஸ்ட் 15-இல், 74,638-ஆவது பிளாக்கில் எண் வழிதல் பிழையை (எண் தன் அளவை மீறியதும் கணக்கு தப்பும் பிழை) பயன்படுத்தி யாரோ 18,446 கோடி பிட்காயினை உருவாக்கினார்கள். மொத்த உச்சவரம்பே 2.1 கோடிதான். சில மணி நேரத்தில் திருத்திய பதிப்பு வந்தது; நோடுகள் அதற்கு மாற, அந்தப் பிளாக் இருந்த கிளை கைவிடப்பட்டது. விதி என்பது எங்கோ சர்வரில் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம்.

2015 ஜூலை 4-இல் நடந்தது இன்னும் சுவையானது. கையொப்ப வடிவத்தை இறுக்கும் புதிய விதி அமலுக்கு வந்த நேரம். பெரிய மைனிங் குழுமங்கள் சில, வேகத்துக்காக, முந்தைய பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்து அதன்மேல் அடுத்ததைக் கட்டிக்கொண்டிருந்தன. செல்லாத பிளாக் ஒன்றின்மேல் இன்னும் ஐந்து ஏறி, மொத்தம் 6 பிளாக் நீளத்துக்கு ஒரு போலிக் கிளை வளர்ந்துவிட்டது. புதுப்பித்த ஃபுல் நோடுகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைப்பை மட்டும் நம்பும் இலகு வாலட்டுகளுக்கோ (வாலட் என்பது இருப்பைக் காட்டி, காசை அனுப்பும் செயலி) அது உண்மையான சங்கிலியாகவே தெரிந்தது. அவற்றைப் பயன்படுத்துவோர் வழக்கத்தைவிட 30 உறுதிப்படுத்தல் (பரிவர்த்தனைக்கு மேல் ஏறும் பிளாக்குகள்) கூடுதலாகக் காத்திருங்கள் என்று எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

2017-இல் பிளாக் அளவை இரட்டிப்பாக்கும் திட்டத்துக்கு 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் மைனிங் திறனில் பெரும்பகுதியும் மே மாதம் நியூயார்க்கில் கையெழுத்திட்டன. பயனர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்காத மென்பொருளையே தொடர்ந்து ஓட்டினார்கள். நவம்பர் 8-இல் திட்டம் கைவிடப்பட்டது. நோடுகளின் பிடிவாதம் மட்டுமே காரணமா என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் வாங்க ஆளில்லாத காசை மைனர் எத்தனை வெட்டி என்ன பயன் என்ற கணக்கு எல்லாருக்கும் புரிந்திருந்தது.

நான்காவது, 2018 டிசம்பர். எலெக்ட்ரம் என்ற பிரபல வாலட், முன்பின் தெரியாதவர்கள் நடத்தும் சர்வர்களோடு பேசித்தான் இருப்பைக் காட்டும். மோசடிக்காரர்கள் ஏராளமான சர்வர்களைத் தாங்களே நிறுத்திவைத்தார்கள். பணம் அனுப்ப முயன்றவருக்கு, "புதிய பதிப்பு அவசியம்" என்று பிழைச் செய்தி வடிவில் ஒரு இணைப்பு வந்தது. அதைத் தரவிறக்கியவர்களிடமிருந்து 200-க்கும் மேற்பட்ட பிட்காயின் பறிபோனது. சொந்த நோடோடு மட்டும் பேசிய வாலட்டுக்கு அந்தச் செய்தி வந்துசேர வழியே இருக்கவில்லை.

இவற்றிலிருந்து கிடைக்கும் விடை: நோடுக்கு ஓட்டு கிடையாது, மறுக்கும் உரிமை உண்டு. அந்த மறுப்புக்கு எடை, அந்த நோடை நம்பி யார் காசு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் நோடு மறுத்தால் மைனருக்கு வலிக்கும். உங்கள் நோடு மறுத்தால், உங்களுக்கு வரும் காசு கள்ளக்காசாக இருக்காது. வாலட்டோடு இணைக்காமல் அலமாரியில் சும்மா ஓடும் நோடு யாரையும் மறுப்பதில்லை. மற்றவர்களுக்குப் பழைய பிளாக்குகளைப் பரிமாறுகிறது, அவ்வளவுதான். அதுவும் உதவிதான், ஆனால் அதைக் காவல் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

## கோரா, நாட்ஸா?

நோடில் இரண்டு வகை விதிகள் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

கன்சென்சஸ் விதி, ஒரு பிளாக் செல்லுமா செல்லாதா என்பதைச் சொல்கிறது. மேலே எண்ணிட்டுச் சொன்ன ஆறும் இந்த வகை. கொள்கை விதி, இன்னும் பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனையை என் மெம்பூலில் வைத்துக்கொள்வதா, பக்கத்து நோடுக்குக் கடத்துவதா என்பதைச் சொல்கிறது. மெம்பூல் என்பது பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் கூடம். இயல்பில் 300 எம்பி, அதிகபட்சம் 14 நாள்.

83 பைட் வரம்பு எப்போதும் கொள்கை விதியாக மட்டுமே இருந்தது. அதைவிடப் பெரிய தரவு உள்ள பிளாக் நேற்றும் செல்லும், இன்றும் செல்லும். ஆகவே நாட்ஸ் ஓட்டினால் அந்தத் தரவு உங்கள் வீட்டு வழியாகக் கடந்து போகாது. ஆனால் மைனர் அதைப் பிளாக்கில் ஏற்றிவிட்டால் உங்கள் வட்டிலும் அது வந்து உட்காரும். மைனரிடம் நேரடியாகக் கொடுத்து ஏற்றவைக்கும் சேவைகளும் உண்டு. வடிகட்டி வைப்பதில் ஒரு சிறு நஷ்டமும் இருக்கிறது: புதிய பிளாக் சுருக்க வடிவில்தான் வரும், பரிவர்த்தனைகளை மெம்பூலிலிருந்து எடுத்து நோடு அதை மீண்டும் கட்டும். வடிகட்டிய சரக்கு மெம்பூலில் இல்லாததால், அதைத் தனியாகக் கேட்டு வாங்க ஒரு சுற்று கூடும்.

தொழில்நுட்பக் கணக்கில் கோர் தரப்பின் வாதம் வலுவானது. ஓபி ரிட்டர்ன் எனப்படும் அந்தத் தரவு இருப்புப் பட்டியலில் ஏறாது. அந்த வாசலை அடைத்தால், தரவை முகவரிபோல வேஷம் போட்டு நுழைப்பார்கள். அது 11 ஜிபி பட்டியலில் என்றைக்கும் செலவாகாமல் கிடக்கும். தவிர, 2023 ஜனவரியில் பிளாக்செயினில் படங்களைப் பொதிக்கும் ஆர்டினல்ஸ் முறை வந்ததிலிருந்து படங்கள் கையொப்பப் பகுதிக்குள் புகுந்துவிட்டன. அந்தப் பிப்ரவரி 1-இல் ஒரே படம் கிட்டத்தட்ட 4 எம்பி பிளாக்கை நிரப்பியது. பின்கதவு இத்தனை அகலமாகத் திறந்து கிடக்க, முன்வாசல் தாழ்ப்பாளுக்காகச் சண்டை. நாட்ஸ் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை: இயல்பு அமைப்பு என்பது ஒரு வழக்கத்தைச் சொல்கிறது, அதை ஒரேயடியாக ஆயிரம் மடங்கு தளர்த்துவதற்கு முன் பயனர்களை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

நடைமுறையில் இதற்காக மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. கோர் 30-லேயே தரவு வரம்புக்கான அமைப்பு இருக்கிறது. அதில் 83 என்று எழுதினால் பழைய எல்லை திரும்பும். கன்சென்சஸ் விதியையே மாற்றும் பதிப்பை ஓட்டுவது மட்டும் வேறு விஷயம். அப்போது உங்கள் நோடு மற்றவர்களின் சங்கிலியிலிருந்து பிரிந்துபோக வாய்ப்பு உண்டு. புதிதாக ஒரு பதிப்பை ஏற்றும்முன் வெளியீட்டுக் குறிப்பில் இந்த ஒன்றையாவது படித்துவிட வேண்டும்.

## என்னென்ன வேண்டும்

வட்டு. இன்றைக்கு 1 டிபி போதும், 2 டிபி வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு நாளைக்கு சுமார் 144 பிளாக், ஒவ்வொன்றும் 1.5 முதல் 1.8 எம்பி என்று வைத்தால் ஆண்டுக்கு 80-லிருந்து 95 ஜிபி கூடும். வாலட்டுகளுக்குப் பதில் சொல்லும் எலெக்ட்ரம் சர்வர் போன்றவற்றைச் சேர்த்தால் இன்னும் சில பத்து ஜிபி முதல் 100-க்கு மேல் வரை.

எஸ்எஸ்டிதான் வேண்டும். ஒரு பிளாக்கில் சில ஆயிரம் பரிவர்த்தனைகள்; ஒவ்வொன்றும் இருப்புப் பட்டியலில் எங்கெங்கோ கிடக்கும் பதிவுகளைத் தேடும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு தேடலுக்கும் ஊசி நகர வேண்டும், விநாடிக்கு நூறு சொச்சம் தேடல்தான் தாங்கும். நாளேட்டை அதில் போடலாம், தொடர்ச்சியாக எழுதும் வேலைக்கு அது போதும். இருப்புப் பட்டியலை மட்டும் எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். எஸ்எஸ்டியிலும் டிராம் இல்லாத மலிவு ரகம் முதல் சில பத்து ஜிபி வரை பறக்கும், பிறகு உள்ளே உள்ள கேஷ் நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்போல ஊரும்.

நினைவகம். 8 ஜிபி. 4 ஜிபியிலும் ஓடும், தொடக்க ஒத்திசைவு இழுக்கும்.

கணினி. பழைய லேப்டாப் நல்ல தேர்வு. பேட்டரி உயிரோடு இருந்தால் யுபிஎஸ் இலவசம். ராஸ்பெர்ரி பை 5-ம் சரி, ஆனால் அதற்குரிய 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். கையில் இருக்கும் 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் பலகை தன் யுஎஸ்பி துளைகளுக்கு மொத்தம் 600 மில்லிஆம்பியர்தான் விடும். வெளி எஸ்எஸ்டி எழுதும் வேகத்தில் அதற்குமேல் கேட்கும், இணைப்பு அறுந்து மீளும். வட்டில்தான் கோளாறு என்று நினைத்து வட்டை மாற்றுவார்கள், குற்றவாளி அடாப்டராக இருக்கும்.

மின்சாரம். 10 வாட் கருவி மாதம் 7.2 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் மாதம் 43 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86. தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கீடும் சேர்ந்தே மாறும் என்பதால், 450-இல் நிற்கும் வீட்டுக்கு இந்த 86 யூனிட் அதன் விலையைவிட அதிகம் வைக்கும்.

இணையம். வரம்புள்ள மொபைல் டேட்டாவில் முடியாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 700 ஜிபியை இறக்கவே கணக்குப்படி 15 மணி நேரத்துக்கு மேல்.

## நிறுவும் வரிசை

1. வட்டை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் வேண்டாம். அதற்கு ஜர்னல் இல்லை, திடீரென்று மின்சாரம் போனால் கோப்புகள் கெடும்.

2. கோரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மென்பொருளையும், கூடவே ஹாஷ் பட்டியல் கோப்பையும் கையொப்பக் கோப்பையும் இறக்குங்கள். ஹாஷ் மட்டும் ஒத்துப்போனால் போதாது. மென்பொருளை மாற்றிவைக்க முடிந்தவன் அதே தளத்தில் ஹாஷையும் மாற்றிவைப்பான். உருவாக்குநர்கள் பலரின் கையொப்பத்தையும் பார்க்க வேண்டும். அம்ப்ரெல், ராஸ்பிபிளிட்ஸ் போன்ற தொகுப்புகளை ஏற்றினால் இந்தச் சோதனையை அவர்களிடம் ஒப்படைக்கிறீர்கள். வசதிக்கு அதுதான் விலை.

3. முதல் ஒத்திசைவுக்கு முன் அமைப்புக் கோப்பில் டிபிகேஷ் மதிப்பை, அதாவது இருப்புப் பட்டியலுக்கு நினைவகத்தில் ஒதுக்கும் இடத்தை, உயர்த்துங்கள். (அமைப்புகளின் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுத வேண்டும்.) 30-ஆம் பதிப்பில் இயல்பு 450 எம்பி. 8 ஜிபி நினைவகம் உள்ள கருவியில் 4000 வைக்கலாம். இருப்புப் பட்டியலில் கணிசமான பகுதி நினைவகத்திலேயே நிற்கும், வட்டுக்கு ஓட்டம் குறையும். ஒத்திசைவு முடிந்ததும் இயல்புக்கே திருப்பிவிடுங்கள்.

4. இடம் இல்லையென்றால் ப்ரூன் அமைப்பு. குறைந்தபட்சம் 550 எம்பி. எல்லாப் பிளாக்கையும் இறக்கி, முழுதாகச் சரிபார்த்து, பழையதை அழித்துக்கொண்டே வரும். சரிபார்ப்பில் இது எந்த விதத்திலும் அரைகுறை கிடையாது. சிக்கல் பின்னால் வரும்: பழைய வாலட் ஒன்றைச் சேர்த்து அதன் வரலாற்றைத் தேடச் சொன்னால், தேட நாளேடு இருக்காது. மறுபடி 700 ஜிபி இறக்க வேண்டும். முழுப் பரிவர்த்தனை அட்டவணையும் ப்ரூனும் ஒன்றாக ஓடா.

5. ஓடவிட்டுக் காத்திருங்கள். நல்ல எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் உள்ள கருவியில் ஒன்றிலிருந்து மூன்று நாள். ஆரம்ப ஆண்டுகள் நிமிடங்களில் ஓடிவிடும், அன்றைக்குப் பிளாக்குகள் காலியாகக் கிடந்தன. கடைசி ஆண்டுகள் ஊரும். மென்பொருளிலேயே பொதிந்த ஒரு குறிப்பிட்ட பிளாக் வரை கையொப்பச் சோதனையைத் தவிர்ப்பது இயல்பு. அதைத் தாண்டியதும் செயலி நிமிர்ந்து வேலை செய்யத் தொடங்கும். விசிறிச் சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம்.

அவசரத்துக்குக் குறுக்குவழியும் உண்டு. 28-ஆம் பதிப்பிலிருந்து, 8,40,000-ஆவது பிளாக்கின் இருப்புப் பட்டியலை ஒரு கோப்பாக ஏற்றி, அதிலிருந்து மேலே வந்துவிடலாம். பழைய வரலாற்றைப் பின்னணியில் நோடு சரிபார்த்துக்கொள்ளும். அது முடியும்வரை ஃபுல் நோடு என்று சொல்வதற்கில்லை.

## எங்கே சறுக்கும்

மூடும்போது. அதிகக் கோளாறு இங்கேதான். டிபிகேஷ் பெரிதாக இருந்தால், மூடச் சொன்ன பிறகு நினைவகத்தில் உள்ளதை வட்டில் இறக்க நோடுக்குச் சில நிமிடம் ஆகும். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) நீங்களே ஏற்றியிருந்தால், அது இயல்பாக 10 விநாடி மட்டும் பொறுத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துவிடும். அடுத்த முறை நோடு கடைசியாக எழுதிய இடத்திலிருந்து மீண்டும் கணக்கிடும். துரதிருஷ்டம் இருந்தால் இருப்புப் பட்டியலே கெட்டிருக்கும். நிறுத்தக் காத்திருக்கும் நேரத்தை 10 நிமிடமாக்கி வையுங்கள்.

மின்வெட்டு. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில், மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் மாறும் இடைவெளி அதிகம். மின்விசிறிக்குத் தெரியாது, கணினி அணைந்து எழும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவையுங்கள்.

பட்டியல் கெட்டால். தரவுத்தளப் பிழை என்று பதிவேட்டில் வந்தால் உடனே எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். இருப்புப் பட்டியலை மட்டும் திரும்பக் கட்டும் கட்டளை ஒன்று உண்டு. அது வட்டில் உள்ள பிளாக்குகளையே படிக்கும், இணையம் செலவாகாது. ப்ரூன் நோடுக்கு மட்டும் இந்த வழி இல்லை. ஒரே வட்டில் இரண்டாம் முறையும் கெட்டால் கேபிள், அடாப்டர், நினைவகம் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4-இல் நேரம் காக்கும் பேட்டரி கிடையாது. 5-இல் தனியாக வாங்கிச் செருக வேண்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பலகை எழும்போது பழைய நேரத்தோடு எழும். இணையம் வந்து நேரம் திருந்தும்வரை, இன்றைய பிளாக்குகள் எல்லாம் எதிர்காலத்திலிருந்து வந்தவையாகத் தெரியும், 2 மணி நேர விதிப்படி நோடு தள்ளிவிடும். மோடம் எழ நேரம் எடுக்கும் வீடுகளில் இது வாடிக்கை. நேரம் திருந்தினால் தானே சரியாகும்.

பழைய பதிப்பு. 2018 செப்டம்பரில் ஒரே காசை ஒரே பரிவர்த்தனைக்குள் இருமுறை செலவிட மைனருக்கு வழிவிடும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது, 0.16.3 பதிப்பு அதை அடைத்தது. வருடக்கணக்கில் தொடாத நோடு இப்படியொரு நாளில் உங்களைக் காக்காது.

## உள்ளே வரும் இணைப்புகள்

நோடு தானாகவே வெளியே பத்துப் பேரோடு இணைந்துகொள்ளும். சரிபார்ப்புக்கு அது போதும். மற்றவர்கள் உங்களைத் தேடி வர 8333 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். இந்தியாவில் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் பொது ஐபி முகவரியே தருவதில்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் திறந்தாலும் யாரும் வர மாட்டார்கள். டோர் (முகவரியை மறைக்கும் வலையமைப்பு) ஏற்றி அதன் வழியே முகவரி எடுப்பது எளிய தீர்வு. வீட்டு ஐபியும் மறையும்.

உள்ளே இணைப்பு வரத் தொடங்கினால் பதிவேற்றம் மாதம் நூற்றுக்கணக்கான ஜிபி போகும். புதிதாகச் சேருபவர்கள் உங்களிடமிருந்து முழு நாளேட்டையும் இழுப்பார்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று பதிவேற்ற வரம்பு வைக்க அமைப்பு இருக்கிறது.

8332 போர்ட்டை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெளியே திறக்கக் கூடாது. அது நோடுக்குக் கட்டளையிடும் வாசல்.

## வாலட்டை இணைத்தல்

மூன்று வழிகள். கோரிலேயே உள்ள வாலட். ஸ்பாரோ போன்ற டெஸ்க்டாப் வாலட்டை நோடோடு நேரடியாக இணைப்பது. அல்லது எலெக்டர்ஸ், ஃபல்க்ரம் போன்ற சர்வரை நோடுக்குப் பக்கத்தில் ஏற்றி, ஃபோன் வாலட் உட்பட எல்லாவற்றையும் அதோடு பேசவைப்பது. மூன்றாவது வழிக்கு ப்ரூன் செய்யாத நோடு வேண்டும். ஃபல்க்ரம் என்றால் முழுப் பரிவர்த்தனை அட்டவணையும் வேண்டும்.

இணைத்த பிறகு வாலட்டின் அமைப்பில், பொது சர்வர் என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வாலட்டுகள் சொந்த நோடு பதில் சொல்லாதபோது சத்தமில்லாமல் பொது சர்வருக்குத் தாவும். உங்கள் முகவரிகள் எல்லாம் ஒன்றுசேர ஒரு அந்நியருக்குத் தெரிய ஒரே ஒரு தாவல் போதும்.

24 மணி நேரமும் இணையத்தில் இருக்கும் கருவியில் பிரைவேட் கீ (காசைச் செலவிடும் ரகசியச் சாவி) வைக்க வேண்டாம். நோடில் பார்க்க மட்டும் முடிந்த வாலட், கையொப்பம் தனி ஹார்டுவேர் வாலட்டில். லைட்னிங் (பிட்காயினுக்கு மேல் ஓடும் உடனடிப் பணப்பரிமாற்ற வலையமைப்பு) நோடும் சேர்த்து ஏற்றினால் இந்தப் பிரிவு சாத்தியமில்லை. அதில் சில்லறைக்கு மேல் வைக்காதீர்கள்.

## ஒரு முறை எண்ணிப் பார்க்க

எல்லாம் முடிந்ததும் இருப்புப் பட்டியலின் மொத்தத்தைக் கேட்கும் கட்டளையை ஓட்டலாம். சின்னக் கருவியில் சில நிமிடம் எடுக்கும். 8,40,000-ஆவது பிளாக் வரை சூத்திரப்படி வெளியாகியிருக்க வேண்டியது 1,96,87,500 பிட்காயின். அதன்பின் பிளாக்குக்கு 3.125. இந்தக் கணக்கு 9,40,000-ஐத் தொடும்போது 2 கோடியாகும்.

நோடு சொல்லும் தொகை இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். பிழை இல்லை. முதல் பிளாக்கின் 50 பிட்காயின் செலவழிக்க முடியாதபடியே அமைந்தது. 2010-இல் இரண்டு பரிசுப் பரிவர்த்தனைகள் முந்தையவற்றின் அச்சு நகலாக அமைந்து அவற்றை அழித்தெழுதியதில் 100 போனது. 2017 டிசம்பரில் 5,01,726-ஆவது பிளாக்கை வெட்டியவர் தனக்குரிய 12.5-ஐக் கேட்கவே மறந்தார். 2011-இல் இன்னொருவர் 1,24,724-ஆவது பிளாக்கில் ஒரே ஒரு சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) குறைத்து எடுத்துக்கொண்டார், 49.99999999 என்று அது இன்றும் உங்கள் வட்டில் இருக்கும்.